வீட்டுக்குள் தூது: குடும்ப சிகிச்சை எதை மாற்றுகிறது?

கல்லூரியில் வேறு பாடப்பிரிவுக்கு மாற விரும்பும் மகன் அதை அப்பாவிடம் சொல்வதில்லை, அம்மாவிடம் சொல்வான். அம்மா சமயம் பார்த்து, அவர் சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் இளகியிருக்கும் நேரத்தில், பாதி மறைத்துப் பாதி சொல்வார். அப்பாவின் பதிலும் அதே வழியில், சற்றுக் கூட்டியும் குறைத்தும் திரும்பி வரும். மருமகள் மாமியாரிடம் சொல்ல வேண்டியது கணவன் வழியாகப் போகும். அண்ணன் தம்பியிடம் கேட்க வேண்டியது அத்தை வழியாகப் போகும். தமிழ்க் குடும்பங்களில் பேச்சுக்குக் குறைவில்லை. பேச வேண்டியவரிடம் நேராகப் பேசுவதுதான் அரிது. நல்ல நாட்களில் இந்த ஏற்பாடு சண்டையைத் தள்ளிப்போடுகிறது. கெட்ட நாட்களில் தூது போகிறவரே நொறுங்குகிறார். தூக்கமின்மை, தலைவலி, காரணம் தெரியாத அழுகை என்று மருத்துவரிடம் வரும் நடுவயதுப் பெண்களில் எத்தனை பேர் பல ஆண்டுகளாக இரண்டு பேருக்கு நடுவில் நின்று களைத்தவர்கள் என்று யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

குடும்ப சிகிச்சை இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. கணவன், மனைவி, பிள்ளைகள், தேவைப்பட்டால் தாத்தா பாட்டி என எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, தனி ஒருவருடைய மனத்தை மட்டும் ஆராயாமல், அவர்களுக்கு இடையில் நடப்பதைக் கவனிக்கும் முறை அது. மனம்விட்டுப் பேசுங்கள் என்று வார இதழ்களும் யூடியூப் ஆலோசகர்களும் சொல்லும் அறிவுரை அங்கே பெரிதாக எடுபடாது. ஏற்கெனவே புண்பட்ட வீட்டில் மனம்விட்டுப் பேசினால் புண்தான் பெரிதாகும். பேச்சைக் கூட்டுவதைவிட, பேச்சு போகும் வழியை மாற்றுவதே அந்தச் சிகிச்சையின் உயிர். கடந்த எழுபது ஆண்டுகளில் அந்தத் துறை கற்றுக்கொண்டதையும், அது செய்த பெரிய தவறையும், நம் வீடுகளுக்கு அதில் எது பொருந்தும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

1950கள் வரை மனநல சிகிச்சை என்பது பெரும்பாலும் ஒரு மருத்துவருக்கும் ஒரு நோயாளிக்கும் இடையில் மூடிய கதவுக்குள் நடந்தது. ஃபிராய்டின் வழியில் வந்தவர்கள் நோயாளியின் உறவினரைச் சந்திப்பதையே தவிர்த்தார்கள். சிகிச்சை கெட்டுவிடும் என்று கருதினார்கள். ஆனால் மருத்துவமனையில் தேறிய இளைஞர் வீட்டுக்குப் போன சில வாரங்களில் மறுபடி நோயோடு திரும்புவதை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சில வீடுகளில் ஒருவர் குணமானதும் இன்னொருவர் படுத்துவிட்டார். நியூயார்க்கில் நாதன் ஆக்கர்மன், குழந்தைக்குச் சிகிச்சை என்றால் குடும்பம் முழுவதையும் வரச் சொல்லத் தொடங்கினார். வாஷிங்டனுக்கு அருகே பெதெஸ்டாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில் மர்ரி போவன் 1954இலிருந்து இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார். மனச்சிதைவு நோயுள்ள இளைஞர்களை முதலில் தாயோடும், பிறகு தந்தை, உடன்பிறந்தாரோடும் வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார்.

அதே பத்தாண்டில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்துக்குள் வரவழைத்துக் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். அவருக்கு முன்னால் இருந்தது கோட்பாடு அல்ல. நோயாளிகளின் நெரிசலும் ஆள் பற்றாக்குறையும். விளைவு எல்லாரும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. நோயாளிகள் சீக்கிரம் தேறி வீடு போனார்கள்; உடன் இருந்தவர்களுக்கு நோயைப் பற்றிய பயம் விலகியது. 1957இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் நோயாளியோடு உறவினர் தங்குவதை வழக்கமாக்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1970களில் குடும்பங்களுக்கென்றே ஒரு பிரிவு உருவானது. மேலைநாட்டு மருத்துவமனை குடும்பத்தை வாசலில் நிறுத்திவைத்து, பிறகு கோட்பாடு வகுத்து உள்ளே அழைத்தது. நம் நாட்டிலோ குடும்பம் எப்போதும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தது. அந்தக் குடும்பத்தோடு என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை நாம் முறையாகக் கற்றுக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கவும் தவறினோம். குறை அங்கேதான்.

இனி அந்தத் துறையின் பெரிய தவறு. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரெய்க்மன் என்ற புகழ்பெற்ற மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு வகையே இருப்பதாக எழுதினார். 1956இல் கலிஃபோர்னியாவில் மானுடவியலாளர் கிரெகரி பேட்சனும் அவர் குழுவினரும், ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிரான செய்திகளைத் தரும் குடும்பப் பேச்சு ஒருவரை நோயில் தள்ளக்கூடும் என்றார்கள். அவர்கள் தரும் ஓர் உதாரணம் மனத்தில் நிற்கக்கூடியது. மருத்துவமனைக்கு வந்த தாயின் தோளில் மகன் கையைப் போடுகிறான். அவள் உடல் விறைக்கிறது. அவன் கையை எடுக்கிறான். உனக்கு என்மேல் அன்பே போய்விட்டதா என்று கேட்கிறாள். அவன் என்ன செய்தாலும் தப்பு. பேச்சைப் பற்றிய கவனிப்பு என்ற அளவில் இது கூர்மையானது. இப்படிப்பட்ட பேச்சு நோயில்லாத வீடுகளிலும் தினமும் நடக்கிறது. ஆனால் மனச்சிதைவுக்குக் காரணம் இதுதான் என்ற முடிவு நிற்கவில்லை. மூளையும் மரபணுவும் சம்பந்தப்பட்ட ஒரு நோய்க்குப் பெற்றோரை, அதிலும் தாயை, குற்றவாளியாக நிறுத்தியது அது. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆட்டிசத்துக்கும் இதே பழி வந்தது. வளர்ப்பு சரியில்லை என்ற நம் ஊர்ப் பேச்சுக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. ஒரு சிகிச்சையாளர் உங்கள் குடும்பத்தைப் பார்த்த முதல் நாளிலேயே இதற்குக் காரணம் நீங்கள்தான் என்று யாரையாவது சுட்டிக்காட்டினால், அவர் இன்னும் 1948இல் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பழியிலிருந்து துறையை மீட்டது லண்டனில் நடந்த பொறுமையான ஆய்வு. ஜார்ஜ் பிரவுனும் அவரோடு இருந்தவர்களும் கேட்ட கேள்வி வேறு. நோய் ஏன் வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. தேறி வீடு போனவர்களில் சிலர் நன்றாக இருக்கிறார்கள், சிலர் திரும்ப வருகிறார்கள். அந்த இரண்டு வகை வீடுகளில் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். உறவினரோடு நீண்ட நேரம் பேசி, அவர்கள் நோயாளியைப் பற்றிச் சொல்லும் சொற்களையும் குரலையும் அளந்தார்கள். ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவு மீறிய பொத்திப் பாதுகாத்தல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மிகுந்த வீடுகளில் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. வெறுப்போடு சேர்த்துக் கண்ணே என்று பொத்திவைப்பதும் அந்தப் பட்டியலில் இருப்பதைத் தமிழ்த் தாய்மார்கள் நின்று கவனிக்க வேண்டும். 1982இல் ஜூலியன் லெஃபும் சகாக்களும், இத்தகைய குடும்பங்களுக்கு நோயைப் பற்றி விளக்கி, குரலைத் தணிக்கவும் சற்று விலகியிருக்கவும் பழக்கினார்கள். மொத்தம் 24 குடும்பங்கள் கொண்ட சிறிய ஆய்வு அது. மருந்தோடு வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் பாதிப்பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. குடும்பத்துக்கும் பயிற்சி கிடைத்த பிரிவில் அது 9 சதவீதம்தான். பின்னர் வந்த பெரிய தொகுப்பாய்வுகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் திசை மாறவில்லை.

லெஃப் இதே அளவுகோலைச் சண்டிகருக்கும் கொண்டுவந்தார். டாக்டர் என். என். விக் குழுவினரோடு சேர்ந்து செய்த அந்த ஆய்வு 1987இல் வெளியானது. லண்டன் உறவினரைவிடச் சண்டிகர் உறவினர் நோயாளியைக் குறைவாகவே குறைகூறினார்கள். இதைச் சொல்லி நம்முடைய கூட்டுக் குடும்பத்தைப் புகழ்பவர்கள் உண்டு. அவர்கள் ஆய்வின் மறுபாதியைச் சொல்வதில்லை: சண்டிகர் உறவினர் பாராட்டாகச் சொன்ன சொற்களும் லண்டனைவிடக் குறைவு. கண்டிப்பதும் குறைவு, பாராட்டுவதும் குறைவு. நம்முடைய வீடுகளை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பிள்ளை நன்றாகப் படித்தால் அப்பா அதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்வார், பிள்ளையிடம் சொல்லமாட்டார். திருஷ்டி பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும். பாராட்டும் இங்கே தூதில்தான் போகிறது, பாதி வழியில் தொலைந்தும் போகிறது.

சிகிச்சை அறைக்குள் என்னதான் நடக்கும்? ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அப்பா பாங்கில் வேலை, அம்மா ஆசிரியை, அப்பாவின் அம்மா உடன் இருக்கிறார். குழந்தைக்கு கவுன்சலிங் வேண்டும் என்று அழைத்து வருகிறார்கள். சிகிச்சையாளர் எல்லாரையும் வரச் சொல்கிறார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பிரச்சினை அவளுக்குத்தானே?

முதலில் சிகிச்சையாளர் பார்ப்பது யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை. பெண் அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடுவில். அப்பா கதவுக்கு அருகே, கையில் போன். யாரிடம் கேள்வி கேட்டாலும் பதில் அம்மாவிடமிருந்து வருகிறது. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சால்வடார் மினுசின் என்றால் இதிலேயே வீட்டின் வரைபடத்தைப் பார்த்துவிடுவார். கணவனும் மனைவியும் ஒரு கட்சியாக இருக்க வேண்டிய இடத்தில், அம்மாவும் மகளும் ஒரு கட்சி, அப்பாவும் பாட்டியும் எதிர்க்கட்சி. 1974இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூல் முழுவதும் இந்த எல்லைகளைப் பற்றியதுதான். அவர் செய்வது எளிமையானது, செய்து பார்த்தால் கடினமானது. அம்மா சிகிச்சையாளரிடம், இவர் எதையும் கண்டுகொள்வதில்லை என்று சொன்னால், என்னிடம் சொல்லாதீர்கள், அவரிடம் திரும்பி அவரிடமே சொல்லுங்கள் என்பார். அந்தத் திருப்பம்தான் சிகிச்சை. பத்து ஆண்டுகளாக மாமியார், மகள், தங்கை என்று சுற்றிவந்த வாக்கியம் முதல் முறையாக உரியவர் முகத்தைப் பார்த்து வருகிறது. நாற்காலிகளை மாற்றிப் போடுவதும் உண்டு. மகளை நடுவிலிருந்து எழுப்பி, அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைப்பார்.

போவன் இதையே முக்கோணம் என்றார். இரண்டு பேருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்கிறோம். பெண்ணின் வயிற்று வலி வந்த நாட்களில் அப்பாவும் அம்மாவும் சண்டையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஒன்றாகப் போனார்கள் என்பது மெல்ல வெளியே வரும். அவள் நடிக்கவில்லை, வலி உண்மை. ஆனால் அந்த வலி வீட்டில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாட்சோலியின் குழு இதை வெளிக்கொணர ஒரு கேள்வி முறையைக் கண்டது. உனக்கு எப்படி இருக்கிறது என்று பெண்ணிடம் கேட்காமல், அம்மா அழும்போது பாட்டி என்ன செய்வார், அப்பா அப்போது எங்கே இருப்பார் என்று கேட்கிறார்கள். மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்கும்போது வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாதது சுலபமாக வருகிறது. நேராகக் கேட்டால் வாய் திறக்காத நம் பிள்ளைகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கச் சிகிச்சையாளர் வர்ஜீனியா சாட்டிர் வேறு வகை. அவர் மக்கள் இறுக்கத்தில் பேசும் விதங்களைக் கவனித்தார். எப்போதும் இறங்கிப்போய்ச் சமாளிப்பவர், விரலை நீட்டிக் குற்றம் சாட்டுபவர், உணர்ச்சியே இல்லாமல் நியாயம் பேசுபவர், சட்டென்று பேச்சை மாற்றிவிடுபவர். குடும்பத்தை அந்த நிலைகளிலேயே சிலைபோல நிற்கச் சொல்வார். மண்டியிட்டு நிற்கும் அம்மாவையும் அவர்மேல் விரல் நீட்டி நிற்கும் அப்பாவையும் தம் கண்ணால் பார்த்த பிள்ளைகள் அதை மறப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் வைட் செய்தது இன்னொரு மாற்றம்: ஆளையும் பிரச்சினையையும் பிரித்துவிடுவது. நீ ஏன் இப்படிக் கோபப்படுகிறாய் என்பதற்குப் பதிலாக, இந்தக் கோபம் உங்கள் வீட்டுக்குள் எப்போதெல்லாம் நுழைகிறது, எந்த நாளில் அதை நீங்கள் வெளியே நிறுத்தினீர்கள் என்று கேட்பார். குடும்பம் ஒருவருக்கொருவர் எதிராக நிற்பதை விட்டு, பிரச்சினைக்கு எதிராக ஒரே பக்கம் நிற்கத் தொடங்குகிறது.

இவை எதுவும் நம் ஊரில் அப்படியே நடக்காது. முதல் தடை, நம்மவர்கள் சிகிச்சை அறைக்கு வரும்போது பஞ்சாயத்துக்கு வருகிற மனநிலையில் வருகிறார்கள். "நீங்களே சொல்லுங்க சார், யார் மேல தப்பு?" ஆளுக்கொரு சாட்சியம் தயாராக இருக்கும். சிகிச்சையாளர் தீர்ப்பு சொல்ல மறுத்தால் முதலில் ஏமாற்றம், அடுத்த வாரம் வேறு மருத்துவர். இதைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் தீர்ப்பு கேட்கும் ஆசையை மதித்து, அதைச் சற்றே தள்ளிவைக்கிறார்கள். இரண்டாவது, பெரியவர் முன்னால் பேசுவது. மாமனார் இருக்கும் அறையில் மருமகளை உங்கள் மனக்குறையை அவரிடமே சொல்லுங்கள் என்று முதல் நாளே சொன்னால், அவள் வீட்டுக்குப் போனபின் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் பெரியவரை முதலில் தனியாகப் பார்த்து, உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும், நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும் என்று உண்மையாகவே கேட்கிறார்கள். பெரியவர் அனுமதித்தால் வீடே பேசும். குடும்பத்தோடு இருந்தும் அதில் கரையாமல் தனி மனிதராக நிற்க வேண்டும் என்று போவன் சொன்னதும் இங்கே அப்படியே செல்லாது. முப்பது வயது மகன் சம்பளத்தை அம்மாவிடம் கொடுப்பது அமெரிக்க நூல்களில் நோயின் அறிகுறிபோலத் தெரியலாம். நம்மிடம் அது மரியாதை. அந்தப் பணம் யாராலும் கேட்க முடியாத ரகசியமாக ஆகும்போதுதான் அது பிரச்சினை.

தமிழ்நாட்டில் குடும்ப சிகிச்சை அதிகம் தேவைப்படும் இடம் குடிநோய். குடிப்பவர் ஒருவர், நோய்ப்படுவது வீடு முழுவதும். மனைவி குடியை மறைக்கிறாள், பொய் சொல்லி ஆபீஸுக்கு லீவு சொல்கிறாள், கடனை அடைக்கிறாள்; பிள்ளைகள் அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணிக்கப் பழகுகிறார்கள். 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை தந்து அனுப்பாமல், குடும்பத்தினருக்கும் தனியே பயிற்சி வைத்தது. நோய் இன்னது, அதை நான் உண்டாக்கவில்லை, என்னால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, ஆனால் என் நடத்தையை நான் மாற்றலாம் என்பதை அந்த மனைவிமார்கள் கேட்கும்போதே பாதிப் பாரம் இறங்குகிறது.

இதில் பலரும் சொல்லும் தடை: "அவர் வரவே மாட்டார்." அவர் வராவிட்டாலும் தொடங்கலாம் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய ஒரு முறையில், சிகிச்சைக்கு வருபவர் குடிப்பவர் அல்ல. அவர் மனைவி அல்லது தாய். அவருக்குக் கற்றுத்தருவது மிகவும் நடைமுறையானது. போதையில் இருப்பவரோடு எதையும் பேசாதே. தெளிந்திருக்கும் நேரத்தில், குறைகூறாமல், நான் என்ற சொல்லில் தொடங்கிச் சுருக்கமாகப் பேசு. அவர் குடிக்காத மாலையில் வீடு அவருக்கு இனிமையாக இருக்கட்டும். குடித்த இரவின் விளைவுகளை நீ துடைத்துச் சுத்தம் செய்யாதே. அடி விழும் ஆபத்து இருந்தால் முதலில் பாதுகாப்பு. சிகிச்சைக்குப் போகலாமா என்று எப்போது கேட்பது என்பதற்கும் பயிற்சி உண்டு. 1999இல் வெளிவந்த ஆய்வில் 130 குடும்பத்தினர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். இந்த முறையில் பயின்றவர்களில் 64 சதவீதத்தினர், சிகிச்சைக்கு மறுத்துக்கொண்டிருந்த தங்கள் உறவினரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். நெருங்கியவர்களைக் கூட்டி ஒரேயடியாகக் கண்டிக்கும் முறையில் அது 30 சதவீதம். குடிப்பவர்களின் உறவினருக்கான சுய உதவிக் குழுவான அல்-அனான் வழியில் 13 சதவீதம். அல்-அனானின் நோக்கம் உறவினரின் சொந்த மன அமைதி என்பதால் அந்தக் கடைசி எண்ணை அதன் தோல்வியாகக் கொள்ளக் கூடாது. நம் ஊரில் இந்த மாதிரிப் பயிற்சி ஒவ்வொரு மாவட்டத்திலும் கிடைக்க வேண்டும். டாஸ்மாக் இருக்கும் ஊரில் இது ஆடம்பரம் அல்ல.

மற்ற இடங்களில் சான்று கலவையாக இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. உணவைத் தவிர்த்து உடலை உருக்கும் அனோரெக்ஸியா நோயில், லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனை வளர்த்தெடுத்த முறையில் பெற்றோரே மேஜையில் உட்கார்ந்து பிள்ளையைச் சாப்பிடவைக்கும் பொறுப்பை ஏற்கிறார்கள். 2010இல் 121 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து இந்த வழியில் வந்தவர்களில் 49 சதவீதம் பேர் முழுமையாகக் குணமாகியிருந்தார்கள். தனி ஆள் சிகிச்சையில் 23 சதவீதம். ஆனால் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் வளரிளம் பருவத்தினர் 832 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், குடும்ப சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிட மீண்டும் மருத்துவமனைக்கு வருவதைக் குறைக்கவில்லை. எல்லாப் பிரச்சினைக்கும் குடும்பத்தைக் கூப்பிடு என்று சொல்லும் உற்சாகத்துக்கு இது ஒரு தடை. பிள்ளை தன் காயத்தைப் பற்றிப் பெற்றோர் இல்லாத இடத்தில் பேச விரும்பினால் அந்த இடம் அவளுக்குக் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை வன்முறை. குடும்ப சிகிச்சையின் அடிப்படை எண்ணமே, ஒருவர் செய்வது மற்றவர் செய்வதைத் தூண்டுகிறது, எல்லாரும் அந்தச் சுழற்சியில் பங்கேற்கிறார்கள் என்பது. வாக்குவாதத்துக்கு இது சரி. அடிக்கு இது சரியல்ல. அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978இலேயே, வீட்டில் அதிகாரம் ஆணிடம் இருக்கும்போது எல்லாருக்கும் சம பங்கு என்று பேசுவது பெண்ணுக்கு எதிராகவே முடியும் என்று எழுதினார். அவரைத் தொடர்ந்து வந்த பெண்ணியச் சிகிச்சையாளர்கள் துறையை உலுக்கினார்கள். நம் ஊரில் இந்த விவாதம் தாளில் நிற்பது அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு நெருக்கமானவர்கள் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் தம்பதியை ஒரே அறையில் உட்காரவைத்து, மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று மனைவியிடம் சொன்னால், அவள் சொன்னதற்கு அன்றிரவு வீட்டில் விலை கொடுப்பாள். அதனால் எந்தச் சிகிச்சையாளரும் முதல் கூட்டுச் சந்திப்புக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியே பார்த்து, பயம் உண்டா, அடி உண்டா என்று நேராகக் கேட்க வேண்டும். பயம் இருந்தால் முதலில் அவளுடைய பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருப்பது அதற்காகத்தான். குடும்பநல நீதிமன்றங்களில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் கடமை. அந்தச் சமரசம் பெண்ணைத் திரும்ப அதே வீட்டுக்குள் தள்ளுவதாக ஆகிவிடக் கூடாது என்ற விழிப்பு, அங்கே அமரும் ஆலோசகருக்கு மற்ற எல்லாரையும்விட அதிகம் வேண்டும்.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் தூதின் முகம் வேறு. டொரான்டோவிலோ லண்டனிலோ அந்த நாட்டு மொழி நன்றாகத் தெரிந்தது பத்து வயதுப் பிள்ளைக்கு. வங்கி, பள்ளி, மருத்துவர் என எங்கும் அவனே பெற்றோருக்கு மொழிபெயர்க்கிறான். வீட்டில் யார் பெரியவர் என்பது சத்தமில்லாமல் மாறிப்போகிறது. குடும்ப சிகிச்சையில் அவனையே மொழிபெயர்ப்பாளராக வைத்தால், அந்த மாறிய ஒழுங்குக்கே முத்திரை குத்தியதாகும். தாயின் துயரத்தை மகன் வாயால் கேட்க வைக்கவும் கூடாது. வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர், முடிந்தால் தமிழ் தெரிந்த சிகிச்சையாளர், என்று கேட்டு வாங்குவது குடும்பத்தின் உரிமை.

யாரிடம் போவது? இங்கே கவுன்சலர் என்று பெயர்ப்பலகை மாட்டுவது மிகவும் எளிது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளில் குடும்பத்தோடு பேசும் வேலையைப் பெரும்பாலும் செய்பவர் மனநலச் சமூகப் பணியாளர். அவரைக் கேட்டுச் சந்திப்பது நல்லது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். எங்கே போவது என்று வழிகாட்டுவார்கள். ஒரே சந்திப்பில் எதுவும் மாறாது. பல வாரங்கள் தொடர வேண்டியிருக்கும், நடுவில் ஒரு கட்டத்தில் வீட்டில் சண்டை கூடியதுபோலவும் தெரியும். அடக்கிவைத்தது வெளியே வரும் காலம் அது. பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

சிகிச்சையாளர் போதவில்லை என்பது உண்மை. ஆனால் அது கையைக் கட்டிப்போடும் காரணம் அல்ல. மினுசினும் அவரோடு பணியாற்றிய ஜே ஹேலியும் ஃபிலடெல்ஃபியாவில் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் மக்களையே ஏழைக் குடும்பங்களோடு பணியாற்றப் பழக்கினார்கள். நம் நாட்டிலும் அதற்கு அடித்தளம் இருக்கிறது. 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப்போய்ச் சிகிச்சையிலும் குடும்பத்துக்கு விளக்குவதிலும் உதவினார்கள். தமிழ்நாட்டில் அதைச் செய்தது, டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம். பயன் மிதமானதுதான், ஆனால் மூன்று இடங்களில் தமிழ்நாட்டில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. நம் மாவட்ட மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு முன்னால் நோயாளியோடு வந்த அம்மாவும் அண்ணனும் மனைவியும் மாத்திரைச் சீட்டுக்காகத் தினமும் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைக்க ஓர் அறை, குடும்பத்துக்கு முக்கால் மணி நேரம், பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் என்று ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கினால், அரசு இந்தத் துறையில் செய்யக்கூடியதில் செலவு குறைந்த காரியம் அதுவாகத்தான் இருக்கும்.